குழாய்க்குள் இரண்டு ஈயத்துண்டுகள்

லிஃப்ட்டோட கயிறு அறுந்துபோச்சு, நீ உள்ள இருக்க, தரையில மோதறதுக்கு ஒரு நொடி முன்னாடி துள்ளிக் குதிச்சா தப்பிச்சிடுவியா... என்று அக்கா கேட்டபோது அவளுக்கு வயது ஏழு, அக்காவுக்குப் பத்து, இப்போது எதற்கு அது ஞாபகம் வருகிறது, மேசைமேல் வினாத்தாள் கிடக்கிறது, சுவர்க் கடிகாரம் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் பத்து நிமிடம் இப்படியே கரைந்துபோய்விட்டது, கையில் இந்தக் குழாயை வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்ப்பதால்தானோ என்னவோ, இதுவும் லிஃப்ட் மாதிரி நாலாபுறமும் மூடிக் கிடக்கிறது, உள்ளே இருப்பது வெளியே தெரியவில்லை... அன்றைக்கு அந்தக் கேள்வியை மூன்று நாள் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள், சாப்பிட்டது என்னவென்று கூடத் தெரியவில்லை, நான்காம் நாள் காலையில் அக்கா பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, குதிக்கறதுக்குத் தரை வேணுமே, அந்தத் தரையும் நம்மகூடவே விழுதே, என்றாள், அக்கா வாய் நிறைய நுரையோடு அவளை உற்றுப் பார்த்தாள், பிறகு நுரையைத் துப்பிவிட்டு, முழுசா சரியில்ல, ஆனா அழகா இருக்கு, என்றாள். சரியில்லாத ஒன்று எப்படி அழகாக இருக்கும்? அது இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினம் ஒரு கேள்வி, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், மாடிப்படியில், பேருந்தில், அக்கா கேட்பாள், அவள் பதில் சொல்ல மாட்டாள், மறுநாள் சொல்வாள், அதனால்தான் எலி என்று பெயர் வந்தது, சத்தம் போடாமல் கொறித்துக்கொண்டே இருக்குமாம். அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை, ஒண்ணு வாயை மூடாது, இன்னொண்ணு வாயைத் திறக்காது, ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா வீட்டுக்கு ரெண்டு ஒழுங்கான பிள்ளைங்க கிடைக்கும், என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

சரி, குழாய். அறுபது சென்டிமீட்டர் நீளம், இரண்டு முனையிலும் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை, வெற்றுக் குழாய் நூறு கிராம், உள்ளே ஐம்பது ஐம்பது கிராமில் இரண்டு ஈயத்துண்டுகள் ஒட்டி வைக்கப்பட்டிருக்கின்றன, திறக்காமல் அவை எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடி, உன் விடையில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்றும் சொல்... இவ்வளவுதான் வினா, பாக்கி முழுக்க விதிமுறைகள், பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது, எழுதியதை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். வேதியியல் ஆய்வகத்தைத்தான் தேர்வறை ஆக்கியிருந்தார்கள், பன்னிரண்டு மேசைகள், நடுநடுவே அட்டைத் தடுப்புகள், மேசைகளில் இருந்த எரிவாயுக் குழாய்களை யாரும் திறந்துவிடக் கூடாதென்று நூலால் கட்டியிருந்தார்கள், ரப்பர் வாடை, மென்மையான செருப்பு போட்ட மேற்பார்வையாளர் அம்மா பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார். இங்கே இருக்கிற பன்னிரண்டு பேரில் ஒரே ஒருவர்தான் முகாமுக்குப் போகலாம், அங்கிருந்துதான் நாட்டின் ஒலிம்பியாட் அணியைத் தேர்ந்தெடுப்பார்கள், போன வருடம் அக்கா இரண்டாவது, அதற்கு முந்தின வருடம் மூன்றாவது, அடுத்த வருடம் அக்கா பள்ளியிலேயே இருக்க மாட்டாள், ஆக இதுதான் கடைசி. அவள் கதை அப்படியில்லை. ஒரு பள்ளியிலிருந்து இரண்டு பேர் வர வேண்டும், அக்காவுடன் வரவேண்டிய பையன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டான், இயற்பியல் சார் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது அக்காதான், எங்க எலி வருவா சார், என்று அவள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள், எழுத்துத் தேர்வில் எப்படியோ தேறிவிட்டாள், சும்மா வந்து உக்காரு, ஒண்ணும் தெரியலைன்னா குழாயைக் கட்டிப்பிடிச்சுத் தூங்கு, என்றுதான் காலையில் அக்கா சொல்லிக் கூட்டிவந்தாள். தூக்கமா வருகிறது? கை துறுதுறுவென்று இருக்கிறது.

முதலில் அளவுகோலின் விளிம்பை நிமிர்த்தி, அதன்மேல் குழாயைப் படுக்க வைத்தாள், இந்தப் பக்கம் சாய்ந்தது, நகர்த்தினாள், அந்தப் பக்கம் சாய்ந்தது, மயிரிழை நகர்த்தினாள், மூச்சை அடக்கினாள், குழாய் யோசிக்கிற மாதிரி ஒரு கணம் ஆடி, நின்றுவிட்டது... அடடா. இந்த நிற்றல் இருக்கிறதே, இதைப் பார்ப்பதற்காகவே எத்தனை மணி நேரமும் உட்காரலாம், யாரும் பிடிக்கவில்லை, யாரும் தாங்கவில்லை, ஒரு கோட்டின்மேல் ஒரு குழாய் சும்மா படுத்துக் கிடக்கிறது. முப்பத்திரண்டு சென்டிமீட்டர். அப்படியென்றால் ஈயத்துண்டுகள் இரண்டுக்கும் நடு முப்பத்து நான்கில், இது மனக்கணக்கு, ஆனால் அந்த நடுவிலிருந்து அவை எவ்வளவு தள்ளி இருக்கின்றன? ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கின்றனவா, ஆளுக்கொரு மூலையில் இருக்கின்றனவா? எவ்வளவு தள்ளி இருந்தாலும் குழாய் இதே இடத்தில்தான் நிற்கும், நிறுத்திப் பார்த்தால் வாயே திறக்காது, ஆட்டினால்தான் சொல்லும், துண்டுகள் விலகி இருந்தால் மெதுவாக ஆடும், நெருங்கி இருந்தால் வேகமாக. இது மண்டையில் பளிச்சென்று விழுந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டாள், தேர்வறையில் தனியாகச் சிரித்தால் என்ன நினைப்பார்கள்? அப்பா பக்கத்தில் இருந்தால் சேர்ந்து சிரித்திருப்பார். அப்பா லிஃப்ட் மெக்கானிக், விடுமுறை நாட்களில் அவளைக் கூடவே கூட்டிப்போவார், ஒரு தடவை எடை பார்க்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பதினொரு மாடிக் கட்டடத்துக்குப் போனார்கள், லிஃப்ட் கிளம்பும்போது அவள் எடை ஏறியது, நிற்கப்போகும்போது இறங்கியது, கீழே வரும்போது நேர்மாறாக, அப்பாவும் மகளும் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஏறி இறங்கி ஏறி இறங்கி, கடைசியில் ஏழாம் மாடிக்காரர் ஒருவர், என்ன மெக்கானிக், ரிப்பேரா விளையாட்டா, என்று கேட்டார், அப்பா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ரெண்டும்தான் சார், என்றார்.

குழாயின் முனைத் துளையில் ஊசியைச் செருகித் தாங்கியில் மாட்டினாள், தொங்கியது, விரலால் கொஞ்சமாக ஒதுக்கினாள், விட்டாள். மனதுக்குள் ஜீரோ... போய்த் திரும்பி வந்தது, ஒன்று, போய்த் திரும்பி வந்தது, இரண்டு... இருபதில் நிறுத்துக் கடிகாரத்தை அமுக்கினாள், இருபத்து நான்கு புள்ளி எட்டு நொடி. மறுபடி, இருபத்து நான்கு புள்ளி ஒன்பது. மறுபடி, அதே ஒன்பது. ஒரே குழாய் ஒரே பதிலை மூன்று தடவை சொல்கிறது, மனிதர்கள் இப்படிச் சொல்வார்களா? சூத்திரத்தை எழுதினாள், சைன் இல்லை டான் இல்லை, வெறும் பெருக்கலும் வகுத்தலும் கடைசியில் ஒரு வர்க்கமூலமும், கால்குலேட்டரில் தட்டினாள், பத்து வந்தது, பத்துக்கு மேல் ஒரு துளி... நடுவிலிருந்து இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. ஒன்று இருபத்து நான்கில் இருக்கிறது, இன்னொன்று நாற்பத்து நான்கில். குழாயின்மேல் அந்த இடங்களில் விரலை வைத்துப் பார்த்தாள், வழவழவென்று குளிர்ச்சியாக மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தது, ஆனால் உள்ளே இங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், உலகத்தில் இப்போதைக்கு இதைச் செய்தவர்களுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்... இல்லை, இன்னும் பதினொரு பேர் கண்டுபிடித்திருப்பார்கள், இருக்கட்டும், அதனால் இந்தச் சந்தோஷத்தில் ஒரு குண்டுமணி குறையவில்லை.

அப்போதுதான் அக்காவைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்றெல்லாம் நினைக்கவில்லை, தலை தானாகத் திரும்பியது, நல்ல விஷயம் எது நடந்தாலும் அக்கா பக்கம் திரும்பியே பழகிய தலை. இரண்டு வரிசை முன்னால், இடது பக்கம், இரண்டு தடுப்புகளுக்கு நடுவே அக்காவின் பாதி முகம் தெரிந்தது, காது சிவந்திருந்தது, அக்காவுக்குக் காது சிவந்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம். அக்கா கால்குலேட்டரை அணைத்தாள், திரும்பப் போட்டாள், மறுபடி தட்டினாள், மறுபடி அணைத்தாள். எதற்கு அணைத்து அணைத்துப் போட வேண்டும்? கணக்கு தப்பானால் அழித்துவிட்டுத் தட்டலாமே... கால்குலேட்டர் பிழை என்று காட்டினால்தான் அப்படிச் செய்வார்கள், அது எப்போது பிழை என்று காட்டும்? வர்க்கமூலத்துக்குள் கழித்தல் எண் போனால். அக்காவின் குழாய்க்குள் ஈயத்துண்டுகள் ஒன்றையொன்று நெருங்கி நெருங்கி, ஒட்டி, ஒட்டியதற்கும் கீழே போய்விட்டன, அப்படியொரு இடமே கிடையாது. அக்கா உதட்டை அழுத்தித் துடைத்துக்கொண்டு குழாயை மறுபடி மாட்டினாள், ஒதுக்கினாள், விட்டாள், விட்ட அந்தக் கணத்தில் அக்காவின் உதடுகள் குவிந்தன. ஒண்ணு. ஐயோ.

ஆறு வருடமாகப் பள்ளி பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறவள் அக்கா, கோல் தோலில் படுகிற முதல் அடி அவளுக்கு ஒன்று, அடிப்பதற்கு முன்னால் ஒரு எண் கிடையாது. லிஃப்ட்டில் வளர்ந்தவளுக்குத் தரைத்தளம் ஜீரோ, கிளம்பவே இல்லையென்றால் ஜீரோ, ஒரு மாடி ஏறினால்தான் ஒன்று, ஒரே வீட்டில் பிறந்து இரண்டு பேருக்கு இரண்டு எண்ணிக்கை. பயிற்சி தொடங்கிய புதிதில் அக்கா இப்படித்தான் விட்டவுடனே ஒன்று என்று எண்ணுவாள், இருபது என்று சொல்லும்போது குழாயோ ஊசல் குண்டோ பத்தொன்பது தடவைதான் ஆடியிருக்கும், சார் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், அம்மா தாயே, டிரம்ம வாசல்லயே வெச்சிட்டு உள்ள வா, என்றார், வகுப்பே சிரித்தது, அக்காவும் சேர்ந்து சிரித்தாள், அதற்குப் பிறகு தப்பு வரவில்லை, இரண்டு வருடமாக வரவில்லை, இன்றைக்குப் பார்த்துப் பதற்றத்தில் டிரம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா எண்ணி முடித்தாள், எழுதினாள், அதே தப்பு நேரம்தான் வந்திருக்கும், மூன்று தடவை அளந்தாலும் முப்பது தடவை அளந்தாலும் அதேதான் வரும், குழாய் உண்மையைத்தான் சொல்கிறது, கேட்பதில்தான் கோளாறு. ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் போதும். இருமலாமா? இருமினால் என்ன புரியும்? பென்சிலைக் கீழே போட்டு, எடுப்பது போலக் குனிந்து... சீ, அக்காவுக்கே பிடிக்காது, ஒருமுறை பரீட்சையில் பக்கத்துப் பெண் காட்டிய விடையைப் பார்த்துவிட்டோமே என்று அந்தக் கணக்கை எழுதாமல் விட்டுவிட்டு வந்தவள் அக்கா. அப்படியானால் சும்மா இருப்பதா? முகாமுக்காகச் சுவரில் நாட்காட்டியை ஒட்டி ஒவ்வொரு நாளாகக் கட்டம் போட்டு வைத்திருக்கிறவளை, ஒற்றை எண்ணில் கவிழ விடுவதா? அப்போது எங்கிருந்தோ இன்னொரு நினைப்பும் வந்தது, யாரும் கூப்பிடாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே உள்ளே வந்து நின்றது... அக்காவுக்கு விடை வராவிட்டால், யாருக்கு வரும்? உன் பத்து சரியான பத்துதானே? அவசரமாகக் குழாயைப் பிடித்துக்கொண்டாள். போ, என்றாள் அந்த நினைப்பிடம், அது போனதா, தள்ளி நின்றதா, தெரியவில்லை.

வேலையைப் பார்ப்போம். ஒரு முனையில் தொங்கவிட்டு வந்த விடையை மறுமுனையில் தொங்கவிட்டுச் சரிபார்க்க வேண்டும், எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் அது, யாருக்காகவும் செய்வதில்லை, குழாயைக் கழற்றித் தலைகீழாக மாட்டினாள், ஒதுக்கினாள், விட்டாள்... ஜீரோ, என்றாள். காதில் விழுந்தபிறகுதான் தெரிந்தது, வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள் என்று. அது என்ன குரல், அவ்வளவு தெளிவாக, கணீரென்று, வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூட அப்படி ஒரு குரல் அவளுக்கு வந்ததில்லை, சாரே நிமிர்ந்து பார்த்து எழுந்து நிற்கச் சொல்லிவிட்டுத்தான் பதிவு போடுவார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மென்மையான செருப்புகள் அவள் மேசையை நோக்கி வந்தன.

"என்னம்மா?"

"எண்ணினேன் மேடம்... வெளிய வந்துடுச்சு."

"மனசுக்குள்ள எண்ணு. இன்னொரு தடவை வெளிய வந்துச்சுன்னா உன் தாள்ல எழுதிடுவேன்."

சரி என்று தலையாட்டினாள், காது மடலெல்லாம் கொதித்தது, அந்த அம்மா நகர்ந்து போகும்வரை குழாய் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும், ஆனால் கை ஓடவில்லை, எதற்காகச் சொன்னாள்? நிஜமாகவே வெளியே வந்துவிட்டதா, அல்லது வெளியே அனுப்பினாளா? சத்தியம் செய்யச் சொன்னால் எதைச் சொல்லிச் சத்தியம் செய்வாள்? சந்தோஷம் தாங்காமல் வாய் திறந்துகொண்டது என்றால் அதுவும் பொய்யில்லை, இந்தக் குழாய் அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்துவிட்டது... அக்கா பக்கம் பார்க்காதே, பார்க்காதே, என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

அக்கா பேனாவை எடுத்து, தாளில் நீளமாக ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கோடு. குழாயை மாட்டினாள், ஒதுக்கினாள், விட்டாள், உதடு அசையவில்லை, குழாய் போனது, திரும்பி வந்தது, அப்போதுதான் உதடு குவிந்தது. அப்பாடா... மேசைக்குக் கீழே அவள் கால் இரண்டும் தானாகத் தாளம் போட்டன, எழுந்து ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தால் தேவலை போல இருந்தது. ஆனால் இரு, இரு, அக்கா எப்போது பேனாவை எடுத்தாள்? ஜீரோ என்று கேட்ட பிறகா? அந்த அம்மா மேசைக்கு வந்தபோது அவர் தோளுக்குப் பின்னால் அக்காவின் கை ஏற்கெனவே மேலே போயிருந்த மாதிரி ஒரு ஞாபகம், குழாயை நிறுத்திவிட்டு அக்கா அதையே முறைத்துக்கொண்டிருந்தாளே கொஞ்ச நேரம், அது ஜீரோவுக்கு முன்னாலா பின்னாலா? அக்காவாகவே கண்டுபிடித்திருக்கலாம், அவளுக்குத் தெரியாததா, கழித்தல் வந்தால் அளந்த நேரத்தைச் சந்தேகப்படு என்று சொல்லிக்கொடுத்ததே அக்காதானே. கண்டுபிடித்திருந்தால், அது அக்காவின் விடை. கேட்டுத் திருத்தியிருந்தால்...? இதை அக்காவிடம் கேட்கவே முடியாது, கேட்ட அந்தக் கணத்தில் இந்த இரண்டு சாத்தியங்களில் ஒன்று பறிபோய்விடும். லிஃப்ட் கேள்விக்கு மூன்று நாளில் பதில் வந்தது, இதற்கு எத்தனை நாள் ஆனாலும் வராது போலிருக்கிறது, வாயில் வைத்துக் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மறுமுனையை அளந்தாள், இருபத்து மூன்று புள்ளி எட்டு, விடை ஒன்பது புள்ளி ஏழு, முதல் விடைக்கும் இதற்கும் அரை சென்டிமீட்டர்கூட வித்தியாசமில்லை, ஏறக்குறைய ஒரே இடம்தான், ஆகா. இனி மிச்சம் பிழைக் கணக்கு, எந்த அளவில் எவ்வளவு ஐயம், அது விடையை எவ்வளவு ஆட்டும், மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு அதற்குத்தான், அக்காவுக்கு எட்டிக்காய் அது, கண்டுபிடிச்சாச்சில்ல, அப்புறம் என்ன நொட்டை சொல்லிக்கிட்டு, என்பாள், இரண்டு வரி கிறுக்கிவிட்டு நகர்ந்துவிடுவாள், போன வருடம் இரண்டாவதாக வந்ததே அதனால்தான். அவளுக்கு இது பிடிக்கும். தனக்கு எவ்வளவு தெரியாது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிற இடம் வேறு எங்கே இருக்கிறது? கடிகாரத்தை அமுக்கிய விரல் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்திருக்கலாம், எழுதினாள், அளவுகோலில் அரை மில்லிமீட்டர், எழுதினாள், எந்த அளவு விடையை அதிகம் கெடுக்கிறது என்று தனியாக ஒரு பத்தி, அலைவுகளை இருபதுக்குப் பதில் ஐம்பதாக எண்ணியிருந்தால் எவ்வளவு நன்றாக வந்திருக்கும் என்று இன்னொரு பத்தி, கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கினாள், தூக்கிய கையை நடுவானில் பார்த்து அவளே திகைத்தாள், பள்ளியில் தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூடத் தூக்காத கை. சும்மா வந்து உட்காரத்தானே வந்தோம், இதென்ன இப்படி எழுதிக்கொண்டிருக்கிறோம்... கேட்ட மாத்திரத்தில் பதிலும் வந்தது. அந்த நினைப்பு போகவில்லை, தள்ளித்தான் நின்றிருக்கிறது, இப்போது பார்த்தால் அவ்வளவு அசிங்கமாகவும் இல்லை அது. அக்காவுக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிற அதே மனதில், அதே நேரத்தில், அதே அளவுக்கு, எனக்கு வேண்டும் என்றும் இருக்கிறது, ஒன்று இன்னொன்றைக் குறைக்கவில்லை, எதிரும் புதிருமாக இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன, இத்தனை நாள் உள்ளேயேதான் இருந்ததா இது? இருந்துமா தெரியவில்லை?

கடைசிப் பதினைந்து நிமிடம் என்று அறிவித்தார்கள். முன்வரிசையில் நாற்காலி நகர்ந்தது, அக்கா எழுந்துவிட்டாள், தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, மேற்பார்வையாளர் அம்மாவிடம் கொடுத்தாள், காது சிவப்பு வடிந்திருந்தது. முடித்தவர்கள் பின்கதவு வழியாகப் போக வேண்டும், பின்கதவுக்கு அவள் மேசையைத் தாண்டித்தான் வழி. அக்கா வந்தாள். அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் நிமிர்ந்துவிட்டாள். அக்காவின் பார்வை முதலில் ஆடாமல் தொங்கும் குழாயில் நின்றது, பிறகு மேசைமேல் கிடந்த தாள்களில், ஒன்று, இரண்டு, மூன்று, கூடுதல் தாளோடு நான்கு, அங்கேயே கொஞ்சம் தயங்கியது, பிறகு அவள் முகத்துக்கு வந்தது, அப்படியொரு பார்வை அக்கா இதுவரை அவளைப் பார்த்ததில்லை, இயற்பியல் சார் கடினமான கணக்கைக் கரும்பலகையில் எழுதும்போது மட்டும் அக்கா அதை அப்படிப் பார்ப்பாள், கண்ணைச் சுருக்கி, உதட்டோரம் லேசாக வளைந்து, விடமாட்டேன் உன்னை என்பது போல, அதில் பாதி சிரிப்பு. நல்லா எழுது எலி என்று சொல்வாளா, ஏன்டி கத்தின என்று கேட்பாளா, ஏதாவது ஒன்று சொல்வாள், வாயை மூடத் தெரியாதவள் ஆயிற்றே என்று அவள் காத்திருந்தாள், பேனா முனையில் மை ஒரு புள்ளியாகத் தேங்கியது. அக்கா பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள், கதவைத் தள்ளினாள், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனாள்.